தங்கைக்கு மூளைப் பயிற்சி: முன்பணம் கட்டலாமா?

கேள்வி: என் தங்கைக்கு 24 வயது. பார்டர்லைன் ஆளுமைக் கோளாறு, அதாவது உணர்ச்சிகள் கட்டுக்கடங்காமல் ஏறி இறங்கும் நிலை, என்று மனநல மருத்துவர் சொல்லியிருக்கிறார். மூளை எப்படி இயங்குகிறது என்று திரையில் காட்டியே கோபத்தை அடக்கப் பழக்குவோம், 40 அமர்வில் குணமாகிவிடும் என்கிறது ஒரு மையம். முழுத் தொகையையும் முன்கூட்டியே கேட்கிறார்கள். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள்.

இப்படி ஒரு பயிற்சி இருப்பது உண்மைதான். எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுத்துக்கொண்டு, மனதைக் கலக்கும் படங்களைப் பார்க்க வேண்டும். மூளையின் ஆழத்தில் அமிக்டலா என்று பாதாம்பருப்பு வடிவில் ஒரு பகுதி உண்டு. பயம், பதற்றம் வந்தால் அது வேகமெடுக்கும். அந்த வேகத்தைத் திரையில் ஒரு வெப்பமானி காட்ட, அதை இறக்கப் பழகுவதுதான் பயிற்சி. ஜெர்மனியின் மன்ஹைம் ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட ஆய்வில் இருந்தவர்கள் 8 பெண்கள், ஆளுக்கு 4 அமர்வுகள். 2019-இல் வந்ததில் 24 பேர். ஒப்பிட வேறு குழுவே இல்லை. நல்ல தொடக்கம், அவ்வளவுதான். இதை வைத்து 40 அமர்வில் குணம் என்று யாரும் உறுதி தர முடியாது.

அந்த மையத்தில் எம்.ஆர்.ஐ. கருவி இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். பெரும்பாலும் தலையில் ஒரு தொப்பியை மாட்டுவார்கள். அது இ.இ.ஜி. மண்டையின் மேற்பரப்பில் மின்னலைகளைப் பிடிக்கும். அவ்வளவு ஆழத்தில் இருக்கும் அமிக்டலாவை நேரடியாகப் பார்க்காது. இரண்டுக்கும் நியூரோஃபீட்பேக் என்றே பெயர். அந்த ஒற்றைப் பெயரை வைத்துத்தான் வியாபாரம் நடக்கிறது. அப்புறம் வண்ண வண்ணமாக மூளைப் படம் ஒன்றைக் காட்டி, ‘இந்தச் சிவப்புதான் கோபம்’ என்பார்கள். நம்பாதீர்கள். எந்த ஸ்கேனும் இந்தக் கோளாறைக் கண்டுபிடிக்காது. மாத்திரையை நிறுத்தச் சொன்னால் உடனே எழுந்து வந்துவிடுங்கள். அங்கே அனுப்பியவருக்குக் கமிஷன் உண்டா என்றும் விசாரியுங்கள்.

ஒரே ஒரு இடத்தில் சரி என்பேன்: மருத்துவமனையோ பல்கலைக்கழகமோ நடத்தும், முறையாகப் பதிவான ஆய்வு. நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இருக்க வேண்டும். பயிற்சிக்குப் பணம் கேட்கக் கூடாது. ஒப்புதல் படிவத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து நிதானமாகப் படிக்க விட வேண்டும். எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்று அதில் இருக்க வேண்டும். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சிலருக்குத் தரும் போலிப் பயிற்சி தங்கைக்குக் கிடைக்கவும் வாய்ப்பு உண்டு என்றால் அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நடக்கும் சிகிச்சை நிற்கக் கூடாது. இதில் ஒன்று குறைந்தாலும் வேண்டாம்.

நன்றாக ஆராயப்பட்ட வழி டி.பி.டி. (டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி) என்கிற பேச்சு சிகிச்சை. அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹன் உருவாக்கியது. அதன் முதல் ஒப்பீட்டு ஆய்வு 1991-லேயே வந்துவிட்டது. இத்தனை வருடமாகியும் அதில் பயிற்சி பெற்றவரைத் தேடி அலைய வேண்டியிருக்கிறது. பத்து நிமிடத்தில் மருந்துச்சீட்டை எழுதி அனுப்பிவிட்டால் குடும்பம் வேறு எங்கே போகும்? இந்த மையங்களுக்கு ஆள் சேர்வதே அதனால்தான். அடுத்த முறை மருத்துவரிடம் டி.பி.டி. என்று பெயர் சொல்லியே கேளுங்கள். தனி சிகிச்சைக்கு இடம் கிடைக்கும்வரை, உணர்ச்சிகளைக் கையாளக் கற்றுத்தரும் டி.பி.டி. திறன் பயிற்சிக் குழு இருந்தால் அதிலாவது சேர்த்துவிடுங்கள். தன்னைக் காயப்படுத்திக்கொள்வதாகத் தங்கை பேசினால் எந்த அமர்வுக்கும் காத்திருக்க வேண்டாம். தனியே விடாமல் அன்றைக்கே அவசர சிகிச்சைக்கு அழைத்துப் போங்கள்.