அவள் பெயர் பதிவேட்டில் இருக்கட்டும்

வணக்கம்.

நான் பள்ளி ஆசிரியை. என் வகுப்பில் படிக்கும் பதினாறு வயதுப் பெண் ஐந்து மாதக் கர்ப்பம். நன்றாகப் படிக்கிறவள். இவளை வைத்துக்கொண்டால் மற்ற பிள்ளைகளும் கெட்டுப்போவார்கள், டி.சி. கொடுத்து அனுப்பிவிடலாம் என்கிறார்கள் சக ஆசிரியர்கள். பெற்றோரும் வீட்டோடு இருக்கட்டும் என்கிறார்கள். அவள் மட்டும் "நான் பரீட்சை எழுதலாமா டீச்சர்?" என்று கேட்கிறாள். நான் என்ன செய்யட்டும்?

ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

எழுதலாம் என்று நாளைக்கே அவளிடம் சொல்லிவிடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

நான் படித்த வகுப்பிலும் ஒருத்தி இருந்தாள். ஒரு திங்கட்கிழமை வரவில்லை. அந்த வாரமே வருகைப் பதிவேட்டில் அவள் பெயர் மேல் சிவப்பு மையில் கோடு விழுந்தது. டீச்சர் ஸ்கேல் வைத்து நேராகப் போட்டதை முன் பெஞ்சிலிருந்து பார்த்தேன். யாரும் எங்களிடம் எதுவும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை, அவளுடைய ஜியோமெட்ரி பாக்ஸ் வருடக் கடைசி வரை டெஸ்க்குக்குள்ளேயே கிடந்தது. அதை எடுத்துப்போய் அவளிடம் கொடுக்க எனக்குத் தோன்றவில்லையே என்று இன்றும் வருத்தமாக இருக்கிறது.

முதலில் ஒன்றைக் கவனியுங்கள். பதினாறு வயதுப் பெண்ணின் கர்ப்பத்துக்குப் பின்னால் பலவந்தம் இருக்கலாம், அதுவும் வீட்டுக்குள்ளேயே இருக்கலாம். அவளைத் தனியாக உட்காரவைத்துப் பேசுங்கள். பல நாடுகளில் இதைத் தெரிந்துகொண்ட ஆசிரியர் தகவல் தருவது சட்டப்படி கட்டாயம், அதையும் அவளிடம் மறைக்காமல் சொல்லுங்கள். மருத்துவரைப் பார்க்கிறாளா என்றும் கேளுங்கள். இருபதைத் தாண்டிய பெண்களைவிட இந்த வயதில் பிரசவிப்பவர்களுக்கு வலிப்பும் கிருமித்தொற்றும் வரும் ஆபத்து அதிகம்.

சரி, மற்ற பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்ற பேச்சுக்கு வருவோம். மேற்கு ஆப்பிரிக்க நாடான சியரா லியோனில் இதையே சொல்லித்தான் 2015-இல் கர்ப்பிணி மாணவிகளைப் பள்ளிக்கு வரக் கூடாது என்றார்கள். ஆனால் எபோலா தொற்றுநோயால் பள்ளிகள் மூடிக் கிடந்த மாதங்களில்தான் அங்கே ஏராளமான பெண்பிள்ளைகள் கர்ப்பமானார்கள்! பள்ளி இல்லாததுதான் அவர்களைக் கைவிட்டது. 2019 டிசம்பரில் மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் நீதிமன்றம் அந்தத் தடை தவறு என்று தீர்ப்புச் சொன்னது, 2020 மார்ச்சில் நீக்கினார்கள். தான்சானியாவும் 2021-இல் இந்தப் பிள்ளைகளுக்குக் கதவைத் திறந்தது. ஜமைக்காவிலோ 1978-லேயே கர்ப்பிணி மாணவிகளுக்குத் தனி மையம் தொடங்கி, அங்கே பாடம் நடத்தி, பிரசவத்துக்குப் பிறகு வழக்கமான பள்ளிக்கே திருப்பி அனுப்ப ஆரம்பித்துவிட்டார்கள். உங்கள் சக ஆசிரியர்களிடம் இதைச் சொல்லுங்கள். இதற்குக் காரணமானவன் உங்கள் பள்ளியிலேயே படிக்கிற பையனாக இருந்தால் அவனுக்கும் டி.சி. கொடுப்பீர்களா என்றும் கேளுங்கள். எனக்கு இதில் கோபம்தான் வருகிறது.

நீங்கள் செய்ய வேண்டியவை பெரும்பாலும் சின்ன விஷயங்கள். அவள் பெயரை அடிக்க விடாதீர்கள், பிரசவத்துக்காக விடுப்பு என்று எழுதச் சொல்லுங்கள், திரும்பி வரும் தேதியையும் அவள் போகும் முன்பே பேசி எழுதிவையுங்கள். தேதி இல்லாமல் "குழந்தை பிறந்ததும் பார்க்கலாம்" என்று விட்டால் அந்தப் பேச்சு திரும்ப எழவே எழாது. வயிறு இடிக்காதபடி பெஞ்சை டெஸ்க்கிலிருந்து கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். பாத்ரூம் போக ஒவ்வொரு முறையும் எழுந்து நின்று அனுமதி கேட்க வைக்காதீர்கள்.

திரும்பி வந்த பிறகுதான் உண்மையான கஷ்டம். மூன்றாவது பீரியடில் பால் கட்டி மார்பு வலிக்கும், சட்டை நனையும், பின்னால் யாராவது சிரிப்பார்கள், அன்று மாலையே படிப்பை விட்டுவிடத் தோன்றும். கதவு மூடுகிற ஓர் அறையும் இருபது நிமிடமும் அவளுக்குக் கிடைக்க ஏற்பாடு செய்யுங்கள். அவள் அம்மாவிடம் படிப்பின் அருமையைப் பற்றியெல்லாம் பேச வேண்டாம், பள்ளி நேரத்தில் குழந்தையை யார் பார்த்துக்கொள்வது என்று மட்டும் பேசுங்கள், அதற்கு ஒரு வழி கிடைத்துவிட்டால் பாதி எதிர்ப்பு போய்விடும்.

பரீட்சை அட்டவணையையும் பிரசவத் தேதியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடுங்கள். இரண்டும் மோதினால் மாற்று ஏற்பாடு கேட்டு இந்த வாரமே எழுதிக் கொடுங்கள், எட்டாம் மாதத்தில் கேட்டால் நேரம் இருக்காது.

அன்புடன்.