வாசகர் கேள்வி – பதில்: லீவு நாளில் தண்டரா நடை

கேள்வி: என் பெறாமகன் நோர்வேயின் வடகோடியில், வார்டோவில், மீன் தொழிற்சாலையில் வேலை. ஜூலையில் ஒரு லீவு நாள் பார்த்து, மரமே இல்லாத தண்டரா வெளியில் நடக்கப் போறானாம். "இரவே இல்லை சித்தி, வழி தவறாது" என்கிறான். என்ன சொல்லி அனுப்பலாம்?
– ஒரு சித்தி, சாவகச்சேரி

பதில்: இரவில்லை என்பது உண்மை. வார்டோ 70 பாகை வடக்கில் இருப்பதால் ஜூலை நடுப்பகுதியிலும் சூரியன் மறையாது. ஆனால் அங்கே வழியை மறைப்பது கடலிலிருந்து ஏறும் மூடுபனி. அரை மணி நேரத்தில் எல்லாம் வெள்ளையாகிவிடும். பனை, கோபுரம் என்று பிடித்துக்கொள்ள ஒரு அடையாளமும் இராது. வெயில் இருந்தால் சூரியனே போதும்: அந்த ஊரில் கோடைகால மணிக்கூட்டின்படி காலை 6 மணிக்குக் கிழக்கு, பகல் 12க்குத் தெற்கு, மாலை 6க்கு மேற்கு, நள்ளிரவில் நேர் வடக்கு. மூடுபனிக்குத் திசைகாட்டியும் கடதாசி வரைபடமும் வேண்டும். அங்கே முள் உண்மையான வடக்கிலிருந்து 10 பாகைக்கு மேல் கிழக்கே விலகி நிற்கும்; அதைத் திருத்தாமல் நடந்தால் சில கிலோமீற்றரில் வேறு பள்ளத்தாக்கில் போய் நிற்பான். கைபேசியை மட்டும் நம்பக் கூடாது. குளிரில் பற்றறி சீக்கிரம் இறங்கும், பள்ளங்களில் சிக்னல் இராது.

வார்டோ ஒரு தீவு. கடலடிச் சுரங்கத்தால் பெருநிலத்துக்கு வந்துதான் வராங்கர் குடாநாட்டில் நடக்கலாம். ஒரு நாளுக்கு 12 கிலோமீற்றர் தாராளம். சேற்றுப் புல்மேடுகளில் மணிக்கு 2 கிலோமீற்றர்கூடப் போகாது. பஞ்சு வெடித்ததுபோல் வெள்ளைப் பூ குலுங்கும் இடம் பசுந்தரைபோல் தெரியும், கால் வைத்தால் முழங்கால்வரை போகும். அதைச் சுற்றி, சாம்பல் நிறப் பாசி படர்ந்த மேட்டு முதுகு வழியே போனால் கால் நனையாது. குமிழ்போல் எழும்பி நிற்கும் புல்திட்டுகளின் தலையில் மிதிக்க வேண்டாம். அவை சாயும், கணுக்கால் சுளுக்கும்.

உடுப்பில்தான் நம்மவர்கள் பிழை விடுவார்கள். பருத்தி பெனியனும் ஜீன்ஸும் வேண்டவே வேண்டாம். நனைந்த பருத்தி உடற்சூட்டை உறிஞ்சிவிடும். 5 பாகைக் குளிரில் மணிக்கு 40 கிலோமீற்றர் காற்றடித்தால் உடம்புக்கு உறைநிலைக்குக் கீழே இருப்பதுபோல் இருக்கும். உள்ளே கம்பளி, அதற்குமேல் ஒரு ஸ்வெற்றர், வெளியே காற்றும் மழையும் புகாத ஜாக்கெற். றப்பர் பூட்ஸ் ஒரு அளவு பெரிதாக இருக்கட்டும். கம்பளிக் காலுறையோடு இறுகினால் இரத்தோட்டம் குறைந்து விரல் விறைக்கும். மாற்றுக் காலுறை பொலித்தீனில் சுற்றி இருக்கட்டும். சாப்பாட்டுக்குப் பாணும் சீஸும் எடுப்பான். ஊரிலிருந்து பனங்கட்டியும் எள்ளுருண்டையும் அனுப்புங்கள், குளிரில் வாய் கேட்கும்.

ஓடை கடக்கும்போது முதுகுப் பையின் இடுப்பு வாரைக் கழற்றிவிட வேண்டும். விழுந்தால் பை அமுக்காது. முழங்காலுக்கு மேல் தண்ணீர் என்றால் திரும்பிவிடுவதுதான் புத்தி. எந்த வழி, எத்தனை மணிக்குத் திரும்புவான் என்பதை அறைத் தோழனிடம் சொல்லிவிட்டுப் போகட்டும். அவசரத்துக்கு 112.

கேள்வி: வெள்ளைக் கரடி வருமா?
– அதே வாசகி

பதில்: நோர்வேப் பெருநிலத்தில் இல்லை, அது ஸ்வால்பார்ட் தீவுகளின் கவலை. இங்கே தொல்லை நுளம்புதான். காற்றில்லாத தாழ்நிலத்தில் மொய்க்கும், ஆகவே சாப்பிட மேட்டில் உட்காரச் சொல்லுங்கள். கூடு கட்டியிருக்கும் கடற்பறவைகள் தலையைக் குறிவைத்துப் பாயும். ஒரு தடியைத் தலைக்குமேல் உயர்த்திப் பிடித்தால் அதன் நுனியைத்தான் கொத்தும்.