பலிக்காத வேண்டுதலை எழுதலாமா?

அன்புள்ள அண்ணாச்சி,

எனக்கு மார்த்தாண்டம் பக்கம். அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அவர் பிழைத்து வரணும் என்று நேர்ந்துகொண்டு, மகாசிவராத்திரிக்கு 12 சிவன் கோயில்களுக்கு ஓடிப் போகிற சிவாலய ஓட்டம் ஓடினேன். பொன்மனை தாண்டி பன்னிப்பாகம் போகிற வழியில் கால் பிடித்துக்கொண்டது. ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டேன். ஒரு வீட்டு அம்மா சுக்குநீர் தந்து, "மெதுவா போ மக்களே, சாமி எங்கயும் போயிராது" என்றார். மனசில் இருந்த பயம் அப்படியே இறங்கிவிட்டது. ஏன் என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. கடைசிக் கோயிலான நட்டாலம் வரை போய் முடித்தேன். அடுத்த வாரம் அப்பா இறந்துவிட்டார். ஆனால் அன்று கிடைத்தது என்னை விட்டுப் போகவில்லை. இதை எழுத ஆசை. கேட்டது கிடைக்காத கதையை எழுதினால் சாமிக்குக் குறைச்சல் ஆகுமோ? நண்பர்கள் மனப்பிரமை என்பார்கள். எழுதலாமா?

ம.

அன்புள்ள ம.,

எழுதுங்கள். அப்பா இறந்ததையும் சேர்த்தே எழுதுங்கள். அதை மறைத்தால் மீதியை நான் நம்பமாட்டேன்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்து கிறிஸ்தவ ஜெபக் கூட்டங்களில் சாட்சி சொல்வார்கள். நோய் வந்தது, வேண்டினேன், சுகமானது என்றுதான் பெரும்பாலும் இருக்கும். மனசார வருகிற நன்றி அது, எனக்கு அதில் மரியாதை உண்டு. ஆனால் வேண்டியும் கிடைக்காதவர்கள் அதே கூட்டத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார்கள். 2017 நவம்பர் 30 ஒக்கிப் புயலை நினைத்துப் பாருங்கள். ஆட்கள் கடலுக்கு மீன்பிடிக்கப் போயிருக்க, வள்ளவிளை, சின்னத்துறை, தூத்தூர் பக்கமெல்லாம் வீட்டுக்கு வீடு முழங்காலில் நின்றார்கள். சிலர் வீட்டு ஆட்கள் கரை வந்தார்கள், சிலர் வீட்டு ஆட்கள் வரவேயில்லை. வந்த வீட்டுக்காரர் கடவுளுக்கு நன்றி சொல்வது நியாயம். "நாங்கள் உருகி ஜெபித்தோம், அதனால் வந்தார்" என்று காரணமும் சொல்லிவிட்டால் பக்கத்து வீட்டுக்காரி என்ன நினைப்பாள்? தன் ஜெபம் போதவில்லை என்றுதானே? நம்பிக்கையைப் பற்றி எழுதுகிறவர் இந்த இடத்தில் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். நடந்ததைச் சொல்லலாம், சாமி ஏன் அப்படிச் செய்தது என்று நாம் தீர்ப்பு எழுதக்கூடாது. உங்கள் அனுபவம் அந்தப் பக்கத்து வீட்டுக்கு வேண்டியது.

சாமிக்குக் குறைச்சலா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் ஓட்டத்தை முடித்த அதே நட்டாலத்தில்தான் 1712இல், பின்னாளில் கிறிஸ்தவரான தேவசகாயம் பிள்ளை பிறந்தார். 1752இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022இல் புனிதர் பட்டம் கொடுத்தார்கள். அவர் உயிர் தப்பவில்லையே, அவருடைய நம்பிக்கை தோற்றுவிட்டது என்று யாராவது சொல்கிறார்களா?

எழுதும்போது "சொல்லில் அடங்காத பரவசம்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அந்த அம்மாவை எழுதுங்கள். சுக்குநீர் சூடாக இருந்ததா, எதில் தந்தார், ஓடுகிறவர்களுக்காகவே முழித்திருந்தாரா? குளத்தில் முங்கிய ஈரம் காயாத காவித்துண்டு, கையில் பனையோலை விசிறி, "கோவிந்தா கோபாலா" கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கம்மிப்போன தொண்டை. இதெல்லாம் இருந்தால் பயம் இறங்கியதை வாசிக்கிறவரும் உணர்வார். சிவன் கோயிலுக்கு ஓடுகிறவர்கள் கோவிந்தனை ஏன் கூப்பிடுகிறார்கள் என்று வெளியூர்க்காரர் கேட்பார். பீமன் அப்படிக் கூப்பிட்டபடி சிவபக்தியில் ஊறிய, பாதி மனிதனும் பாதி மிருகமுமான புருஷாமிருகத்திடமிருந்து தப்பி ஓடிய கதையை இரண்டு வரியில் சொல்லிவிடுங்கள். 12 கோயில்களின் தலபுராணமும் வேண்டாம்.

நண்பர்களுக்குப் பதில் எழுதாதீர்கள். தூக்கமில்லை, பசி, கால்வலி என்று நீங்களே எழுதுங்கள். அதை வைத்து அவர்கள் என்ன முடிவுக்கு வேண்டுமானாலும் வரட்டும். வாதத்தில் இறங்கினால் சுக்குநீர் தந்த அம்மா காணாமல் போய்விடுவார்.

இன்னொன்று. அப்பாவின் ஆஸ்பத்திரி நாட்கள் உங்களுக்கு மட்டும் சொந்தமில்லை. எழுதும் முன் வீட்டில் அம்மாவிடம் கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். "அடுத்த வாரம் அப்பா இறந்துவிட்டார்" என்ற ஒரு வரிதான் எனக்கு எழுதினீர்கள், எனக்கு அதுவே போதுமாக இருந்தது.