ஸ்டிக்கரில் இரண்டு தேதி, ஒரு எண்: ஷெங்கன் விசா பற்றி வாசகர் கேள்விகள்

ஷெங்கன் என்பது ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டு. ஐரோப்பாவுக்குச் சுற்றிப் பார்க்கவோ பிள்ளைகளைப் பார்க்கவோ போகிறவர்களிடமிருந்து வந்த கேள்விகளில் ஐந்தை எடுத்திருக்கிறேன்.

மகள் பிரசவத்துக்காக ஜெர்மனி போகிறேன். விசாவில் மார்ச் 1 முதல் ஜூன் 13 வரை என்று இருக்கிறது. ஜூன் 13 வரை அங்கே இருக்கலாம்தானே? (வாசகி ஒருவர்)

அவசரப்படாதீர்கள் அம்மா. பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் அந்த விசா ஸ்டிக்கரிலேயே 'டியூரேஷன் ஆஃப் ஸ்டே' என்று ஒரு கட்டம் இருக்கும், அதில் 90 என்றோ 60 என்றோ ஓர் எண் போட்டிருப்பார்கள். நீங்கள் தங்கக்கூடிய நாட்கள் அவ்வளவுதான். முதல் தேதிக்கும் கடைசித் தேதிக்கும் நடுவில் எப்போது வேண்டுமானாலும் உள்ளே போகலாம், ஆனால் அந்த எண்ணைத் தாண்டி ஒரு நாள்கூட இருக்கக் கூடாது. எண்ணைவிடத் தேதிகள் ஏன் நீளமாக இருக்கின்றன என்றால், பயணம் கொஞ்சம் முன்பின் ஆனால் சமாளிக்க 15 நாள் கூடுதலாகச் சேர்த்துக் கொடுப்பது விதியிலேயே உள்ளது. அந்த 15 நாளை இலவசமாகக் கிடைத்த விடுமுறை என்று நினைத்துத் தங்கிவிட்டு, ஊர் திரும்பும்போது விமான நிலையத்தில் மாட்டிக்கொள்கிறவர்களை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. தப்பான எண்ணம் எதுவும் இல்லாதவர்கள், ஸ்டிக்கரைச் சரியாகப் படிக்கவில்லை, அவ்வளவுதான்.

நாள் எண்ணும்போது இறங்கிய நாளும் கிளம்பிய நாளும் இரண்டுமே கணக்கில் வரும். விமானம் நள்ளிரவு தாண்டிக் கிளம்புகிறது என்றால் வெளியேறும் முத்திரை எந்தத் தேதியில் விழும் என்று பார்த்து டிக்கெட் போடுங்கள். அங்கே போன பிறகு உடம்பு முடியாமல் போய்ப் பயணமே செய்ய முடியாத நிலை வந்தால், நாட்கள் முடிவதற்கு முன்பே அந்த ஊர் வெளிநாட்டவர் அலுவலகத்தில் நீட்டிப்பு கேட்கலாம். ஆனால் பேரக்குழந்தையை இன்னும் கொஞ்ச நாள் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகத் தர மாட்டார்கள்.

என்னிடம் பல முறை போய்வரும் விசா இருக்கிறது. 90 நாள் முடிந்ததும் லண்டன் போய் ஒரு நாள் இருந்துவிட்டு வந்தால் புதிதாக 90 நாள் கிடைக்குமா?

கிடைக்காது. எந்த 180 நாளை எடுத்தாலும் அதில் மொத்தம் 90 நாள்தான் தங்கலாம் என்பது விதி. அந்த 180 என்பது ஜனவரியில் தொடங்கி ஜூனில் முடிகிற அரையாண்டு இல்லை, நீங்கள் அங்கே இருக்கும் ஒவ்வொரு நாளும் அன்றிலிருந்து 180 நாள் பின்னோக்கி எண்ணிப் பார்க்க வேண்டும். ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன், பிப்ரவரிக்கு 28 நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜனவரி 1 முதல் மார்ச் 1 வரை இருந்தீர்கள், 60 நாள் போயிற்று. மறுபடி ஏப்ரல் 20 அன்று போகிறீர்கள், மீதி 30 நாள், அதாவது மே 19 அன்று வெளியே வந்துவிட வேண்டும். ஜனவரியில் செலவழித்த நாட்கள் ஜூன் 30 முதல்தான் ஒவ்வொன்றாகக் கணக்கிலிருந்து உதிரும். லண்டன் ஷெங்கனுக்குள் வராது, அதனால் அங்கே இருக்கும் நாட்கள் இதில் சேராது, ஆனால் பழைய நாட்களை அழிக்கவும் செய்யாது. அப்புறம், பிரிட்டனுக்குத் தனி விசா வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள்.

2025 அக்டோபர் 12 முதல் எல்லைகளில் விரல் ரேகையும் முகமும் பதிவு செய்யும் கணினி முறை வரத் தொடங்கிவிட்டது. அந்த முறையில் தங்கிய நாட்களை எந்திரமே எண்ணிவிடும், முத்திரை மங்கலாக இருந்ததால் தப்பித்தேன் என்ற பேச்சுக்கு இனி இடமில்லை.

பிரான்சில் 4 இரவு, சுவிட்சர்லாந்தில் 4, இத்தாலியில் 3. எந்த நாட்டுத் தூதரகத்தில் விண்ணப்பிப்பது?

அதிக நாள் தங்கும் நாட்டில். உங்களுக்கு இரண்டு நாடு சமமாக இருப்பதால், அந்த இரண்டில் முதலில் எதற்குள் போகிறீர்களோ அதற்கு. சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, இருந்தாலும் ஷெங்கனில் இருக்கிறது, ஆகவே ஒரே விசா போதும். அயர்லாந்து நேர்மாறு, ஒன்றியத்தில் உண்டு, ஷெங்கனில் இல்லை. இன்றைக்கு ஷெங்கனில் 29 நாடுகள், கடைசியாக முழுமையாகச் சேர்ந்தவை பல்கேரியாவும் ருமேனியாவும். சந்திப்பு நேரம் சீக்கிரம் கிடைக்கிறது என்று ஏஜென்ட் சொல்கிறார் என்பதற்காக, போகவே போகாத நாட்டின் பெயரில் விண்ணப்பிக்காதீர்கள். ஹோட்டல் பதிவும் பயணத் திட்டமும் ஒன்றோடொன்று ஒட்டாமல் நின்றால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கடைசி வரம்பு 15 நாள். முடிவு வர வழக்கமாக 15 நாள், சில விண்ணப்பங்களுக்கு 45 வரை இழுக்கும். கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45, அதற்கும் கீழே இலவசம். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம்.

பாஸ்போர்ட்டில் இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. போதுமா?

அங்கிருந்து கிளம்பும் தேதிக்குப் பிறகு 3 மாதமாவது மிச்சம் இருக்க வேண்டும். கூடவே, கொடுத்து 10 ஆண்டுக்குள் ஆன பாஸ்போர்ட்டாகவும் இரண்டு வெற்றுப் பக்கங்கள் உள்ளதாகவும் இருக்க வேண்டும். அடுத்த மாதமே போய்ச் சீக்கிரம் திரும்புவதானால் சரி, இல்லையென்றால் முதலில் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துவிடுங்கள்.

'திரும்பி வருவீர்கள் என்ற நம்பிக்கை இல்லை' என்று சொல்லி விசாவை மறுத்துவிட்டார்கள். வேறு நாட்டின் வழியாக, இதைச் சொல்லாமல் விண்ணப்பிக்கலாமா? (ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்)

வேண்டாம் ஐயா. எல்லா ஷெங்கன் நாடுகளுக்கும் ஒரே விசாத் தகவல் தளம், மறுப்பு அதில் 5 ஆண்டு வரை இருக்கும். மறைத்தால் முதல் சந்தேகத்தோடு இன்னொன்றும் சேரும். மறுப்புக் கடிதத்தோடு மேல்முறையீடு செய்யும் வழியையும் கெடுவையும் கொடுத்திருப்பார்கள், முதலில் அதைப் படியுங்கள். உங்கள் ஆவணங்கள் உண்மையிலேயே முழுமையாக இருந்தன என்றால் மேல்முறையீடு செய்யலாம். ஏதோ விட்டுப்போயிருந்தது என்றால் புதிய விண்ணப்பமே மேல். ஓய்வூதிய ஆணை, மாதாமாதம் அது வரவாகும் வங்கிக் கணக்கு, சொந்த வீட்டுப் பத்திரம், உங்களோடு வராமல் ஊரிலேயே இருக்கும் துணைவியார், இவையெல்லாம் நீங்கள் திரும்பி வருவதற்கான காரணங்கள், அவற்றைக் காகிதத்தில் காட்டுங்கள். விண்ணப்பத்துக்கு முந்தின வாரம் யாரிடமோ கைமாற்று வாங்கிக் கணக்கில் பெரிய தொகை போடுவது மட்டும் வேண்டாம், அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியைத்தான் அது எழுப்பும்.

விசா கிடைத்த பிறகும் அந்தக் காகிதங்களைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். விசா இருந்தாலும், எங்கே தங்குகிறீர்கள், செலவுக்கு என்ன செய்வீர்கள், எப்போது திரும்புகிறீர்கள் என்று எல்லையில் இருக்கும் அதிகாரி மறுபடி கேட்கலாம், பெட்டிக்குள் பூட்டி வைத்துவிட்டால் அந்த நேரத்தில் எடுத்துக் காட்ட முடியாது.