தையக்காரிதானே?

கேள்வி: கோவையில் ஃபேஷன் டிசைனிங் படித்து முடித்த என் மகள், நாடகத்துக்கும் நடனத்துக்கும் உடை வடிவமைக்கப் போகிறேன் என்கிறாள். "இவ்வளவு பணம் கட்டிப் படிச்சும் கடைசியில தையக்காரிதானே" என்கிறார் என் நாத்தனார். இதில் பிழைக்க முடியுமா? 'காந்தி' படத்துக்கு உடை வடிவமைத்த பானு அத்தையா மாதிரி வர முடியுமா?
- பெயர் வேண்டாம் என்ற வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: நாத்தனார் வசவாகச் சொன்னது உங்கள் மகளுக்குப் பொருந்துமா என்பதுதான் என் சந்தேகம். அவளுக்குத் தைக்கத் தெரியுமா? கம்ப்யூட்டரில் படம் போடுவதைக் கேட்கவில்லை. கையைத் தூக்கினால் அக்குளில் பிடிக்காத ரவிக்கை ஒன்றை அவளே வெட்டித் தைப்பாளா?

கடையில் தொங்கும் உடை, போட்டுக்கொண்டு நிற்கையில் அழகாக இருந்தால் போதும். மேடை உடை குதிக்கும், உட்காரும், வியர்வையில் ஊறும். பரதநாட்டிய உடையின் முன்விசிறியையே பாருங்கள். முழங்காலை மடக்கி அரைமண்டியில் நிற்கும்போது முழுதாக விரிய வேண்டும், எழுந்தால் தானாக மடிந்துகொள்ள வேண்டும். மடிப்பின் கணக்கு ஒரு விரல்கடை தப்பினால் போச்சு, ஆடுகிறவள் கவனம் தாளத்தை விட்டுத் துணிக்குப் போய்விடும். ருக்மிணி தேவி 1935-ல் மேடையேறியபோது கோயில் சிலைகளைப் பார்த்து உடையை மாற்றி அமைத்தார். அதைத் தைக்க உதவியவர் ஓர் இத்தாலியப் பெண். கலாக்ஷேத்ராவில் தறியும் போட்டார்கள். இதையெல்லாம் 'வெறும் தையல்' என்று உங்கள் நாத்தனார் சொல்வாரானால் சொல்லிக்கொள்ளட்டும்.

நாம் இருப்பது பாலக்காட்டுச் சீமை. தை, மாசியில் கோயில் உற்சவங்களில் கதகளி நடக்கும்போது மகள் முன்வரிசையில் உட்கார வேண்டாம், வேஷம் கட்டும் அணியறைக்கு அனுப்புங்கள். ஆட்டக்காரர் மல்லாந்து படுத்திருக்க, அரிசிமாவும் காகிதமும் கொண்டு தாடையில் சுட்டி என்ற வெள்ளை விளிம்பு வைப்பார்கள். பிறகு எழுப்பி நிறுத்தி, கஞ்சி போட்ட துணியை மடிப்பு மடிப்பாக இடுப்பில் சுற்றிக் கயிற்றால் இறுக்குவார்கள். உடுத்துக்கெட்டு என்பது இதுதான். மூச்சு நிற்கும்படி இறுகும், ஆனால் மூச்சு நிற்கக் கூடாது; அந்த அளவு கட்டுகிறவர் கைக்குத்தான் தெரியும். கட்டிவிட்டால் விடியும்வரை அவிழ்க்க முடியாது என்பதால் ஒதுங்கப் போவதெல்லாம் அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். எந்த ஃபேஷன் ஷோவிலும் இந்தப் பாடம் கிடையாது. சுட்டி வைப்பதைக் கதகளி சொல்லித்தரும் கேரள கலாமண்டலத்தில் தனிப் படிப்பாகவே சொல்லித்தருகிறார்கள். கிரீடமும், கோப்பு என்ற வேஷ அணிகளும் செய்கிறவர்களைப் பார்க்க நம் பாலக்காட்டு வெள்ளிநேழிவரை போனால் போதும்.

வெளிச்சத்தையும் படிக்கட்டும். கடையில் பளீரென்று தெரிந்த பச்சைத் துணி சிவப்பு விளக்கின் கீழ் கறுத்துப்போகும். தையலும் கண்ணும் வந்தபின் திருச்சூர் அரணாட்டுக்கரை நாடகப் பள்ளி, டெல்லி தேசிய நாடகப் பள்ளி என்று யோசிக்கலாம். டெல்லியில் பட்டத்தோடு மேடை அனுபவமும் கேட்பார்கள்.

எனக்கும் இதில் அனுபவம் உண்டு, கொஞ்சம் அவமானமான அனுபவம். முப்பது வருஷத்துக்கு முன் வாசகசாலை விழாவில் நான் ராஜா. வாடகை உடை. சிம்மாசனத்தில் உட்கார்ந்ததும் முதுகுத் தையல் டர்ரென்று விட்டது. மிச்ச இரண்டு காட்சியும் சபைக்கு முதுகு காட்டாமலே நடித்தேன். கம்பீரம் என்று பாராட்டினார்கள்.

பானு அத்தையா கோலாப்பூர்க்காரர். ஓவியம் படித்து, பெண்கள் பத்திரிகைக்கு ஃபேஷன் படம் வரைந்து, பொட்டிக் என்ற நாகரிக உடைக்கடையில் உடை வடிவமைத்து, அதன் பிறகே சினிமா. 'காந்தி' படத்துக்கு 1983-ல் ஜான் மொல்லோவோடு ஆஸ்கர் வாங்கியபோது அவர் சினிமாவில் கால் நூற்றாண்டைத் தாண்டியிருந்தார். மகளிடம் ஆஸ்கரைச் சொல்லாதீர்கள், அந்த வருஷக் கணக்கைச் சொல்லுங்கள்.

பிழைப்பு? நாடகத்தை மட்டும் நம்பினால் கஷ்டம். மைக்செட்டுக்கும் சாப்பாட்டுக்கும் கொடுத்தது போக மிஞ்சுவதுதான் உடைக்கு வரும். அரங்கேற்றத் தையலும் கல்யாண ரவிக்கையும் சோறு போடும், நாடகம் கை பழக்கும். இரண்டையும் வைத்துக்கொண்டவர்கள்தான் நிலைக்கிறார்கள். அழைப்பிதழில் தன் பெயர் போடச் சொல்லி அவள் முதலிலேயே கேட்க வேண்டும். நானே இத்தனை வருஷம் எழுதிய நாடக விமர்சனங்களில் உடை தைத்தவர் பெயரை ஒருமுறைகூடப் போட்டதில்லை. மைக்செட்காரர் பெயர் இரண்டு தடவை வந்திருக்கிறது.

முன்பணம் கைக்கு வராமல் துணியில் கத்தரி வைக்க வேண்டாம். கேட்பது நாத்தனார் மகளின் அரங்கேற்றத்துக்கானாலும் சரி.