வெள்ளைக் கவசம் மஞ்சளடிக்காமல் இருக்க

கேள்வி: 4 வருடங்களுக்கு முன் வாங்கிய வேடமிட அணியும் வெள்ளை ஏபிஎஸ் பிளாஸ்டிக் கவசத்தை ஜன்னலுக்கு எதிரே கண்ணாடி அலமாரியில் வைத்திருக்கிறேன். மார்புத் தகடு பழுப்பேறிவிட்டது. தோள்பட்டை வாரைக் கழற்றினால் அதன் அடியில் மட்டும் பளிச்சென்று வெள்ளை. வாக்ஸ் போட்டால் பலன் இருக்குமா? பெராக்சைடு தடவலாமா?

பதில்: வாருக்கு அடியில் நீங்கள் பார்த்த வெள்ளைக் கோடே பாதி பதிலைச் சொல்லிவிடுகிறது. காற்று அங்கேயும் போயிருக்கும், வெளிச்சம்தான் போகவில்லை.

ஏபிஎஸ் உடையாமல் வளைந்து கொடுப்பதற்காக அதில் பாலிபியூட்டடீன் என்ற ரப்பர் கலந்திருக்கிறது. அந்த ரப்பர்தான் அதன் பலவீனமும். புற ஊதாக் கதிரும் ஆக்சிஜனும் சேர்ந்து முதலில் அதைத்தான் சிதைக்கின்றன. ஆக, இந்த மஞ்சள் மேலே படிந்த அழுக்கு இல்லை, பிளாஸ்டிக்கே மாறிப்போனது. கூடவே மேற்பரப்பு நொறுங்கும் தன்மையும் அடைகிறது. ரிவெட் ஓட்டைகளைச் சுற்றி மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள். எனக்கு நிறத்தைவிட அதுதான் பெரிய கவலை.

கண்ணாடிக்குள்தானே இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். சாதாரண கண்ணாடி புற ஊதாவில் குறைந்த அலைநீளப் பகுதியைத் தடுக்கும். 320 முதல் 400 நானோமீட்டர் வரையுள்ள பகுதியில் பெரும்பங்கை உள்ளே விட்டுவிடும். எனவே முதல் வேலையாக அலமாரியை வெயில் விழாத சுவருக்கு மாற்றுங்கள். முடியாவிட்டால் ஜன்னலுக்குப் புற ஊதாவைத் தடுக்கும் ஃபிலிம் ஒட்டுங்கள். உள்ளே விளக்கு வேண்டுமென்றால் எல்இடி போதும், அதையும் பார்க்கும் நேரத்துக்கு மட்டும். சூடும் இதே வினையை வேகப்படுத்தும். கூரைக்கு அடியிலுள்ள பரண், கார் டிக்கி இரண்டும் வேண்டாம்.

வாக்ஸ் பளபளப்புக்குத்தான், இந்தக் கதிரை நிறுத்த அதை நம்ப முடியாது. புற ஊதாத் தடுப்புள்ள கிளியர் கோட் (நிறமற்ற மேல்பூச்சு) ஓரளவு உதவும். ஆனால் கரைப்பான் கலந்தவை ஏபிஎஸ்ஸை அரிக்கலாம். தண்ணீர் சார்ந்ததாகத் தேர்ந்தெடுத்து, முதலில் கவசத்தின் உட்புறத்தில் சிறிது அடித்துப் பாருங்கள்.

பெராக்சைடு நிறத்தை வெளுக்கும், உண்மைதான். ஆனால் சிதைந்த பிளாஸ்டிக்கை அது பழையபடி ஆக்காது. மஞ்சள் பெரும்பாலும் திரும்பி வரும். கிரீமாகத் தடவினால் திட்டுத்திட்டாக வெளுத்து, அது மஞ்சளைவிட அசிங்கமாகிவிடும். தோலையும் கண்ணையும் சுடக்கூடியது என்பதால் கையுறை, பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் தொடவே கூடாது. உங்கள் கவசத்துக்கு நான் இதைச் சொல்லமாட்டேன். அணிந்து போகும் உடை என்றால், பிளாஸ்டிக்குக்கான பிரைமர் போட்டு வெள்ளை பெயின்ட் அடிப்பதே நல்ல வழி. சேகரிப்புக்கென்றே வைத்திருக்கும் அரிய பொருளை அப்படியே விடுங்கள்.

அணிந்து கழற்றியதும் மென்மையான சோப்பு நீரில் வியர்வையைத் துடைத்து நன்றாக உலர்த்துங்கள். அசிட்டோன் பக்கமே போகாதீர்கள், ஏபிஎஸ் கரைந்துவிடும். மூடி வைக்கப் பாலிஎத்திலீன் அல்லது பாலிப்ரொப்பிலீன் பெட்டி நல்லது. பிவிசி உறையும் ரப்பர் பேண்டும் கறை விடும். மென்மையான பிவிசி பொம்மைகள் இருந்தால் தனியாக வையுங்கள். அவற்றிலிருந்து கசியும் பிசுபிசுப்பு பக்கத்திலுள்ளதையும் கெடுக்கும்.

கவசத்தை வெட்டிப் பொருத்தியபோது மிஞ்சிய துண்டு ஏதாவது இருக்கிறதா? பாதியை அலுமினியத் தாளால் சுற்றி, புதிய இடத்தில் அலமாரிக்குள் வையுங்கள். 6 மாதம் கழித்துப் பிரிக்கும்போது நடுவே கோடு தெரிந்தால், அங்கேயும் வெளிச்சம் அதிகம் என்று அர்த்தம்.