நாய்க்காகப் பொலிசுக்குப் போகலாமா?

கேள்வி: நாங்கள் தலவாக்கலைப் பக்கம், ஹட்டன் - நுவரெலியா மெயின் ரோட்டை ஒட்டின லயத்தில் இருக்கிறோம். ஜிம்மி என்று ஒரு நாய் வளர்த்தோம், ஊர் நாய்தான். காலையில் நான் கொழுந்தெடுக்கிற மலை வரைக்கும் கூடவே வந்துவிட்டுத் திரும்பும். போன வாரம் சீசன் பார்க்க நுவரெலியாப் பக்கம் மேலே போன வெள்ளை வேன் ஒன்று, மூடுபனியில் லைட் கூடப் போடாமல் வந்து அடித்துவிட்டு நிற்காமலே போய்விட்டது. உடைந்த பம்பர் துண்டு ரோட்டிலேயே கிடந்தது. கடைக்கார அண்ணன் நம்பரின் கடைசி நாலு இலக்கத்தைப் பார்த்திருக்கிறார். "நாய்க்கெல்லாம் போய் என்ட்ரி போடுவியா?" என்று வீட்டுக்காரர் ஏசுகிறார். ஏழு வயது மகனிடம் ஜிம்மி காட்டுக்கு ஓடிவிட்டது என்று சொல்லி வைத்திருக்கிறோம். அவன் இருட்டினதும் இஸ்தோப்பில் நின்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறான். வேறு குட்டி கொண்டுவந்து கொடுத்தால் மறந்துவிடுவான் என்கிறார்கள். தூக்கப் போன மாமியாரின் கையை ஜிம்மி வலியில் லேசாகக் கடித்துவிட்டது, மஞ்சள் வைத்துக் கட்டியிருக்கிறோம். நான் என்ன செய்யட்டும்?
- ஒரு வாசகி, தலவாக்கலை

பதில்: தங்கச்சி, போகிற போக்கில் கடைசியாக எழுதினீர்களே, அதுதான் என்னை உலுக்கிவிட்டது. போன் நம்பர் எழுதியிருந்தபடியால் கடிதம் கிடைத்த அன்றே கூப்பிட்டு, மாமியாரை அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகச் சொன்னேன். வாசிக்கிற மற்றவர்களுக்காக அதை இங்கேயும் எழுதுகிறேன். கால்நடை உத்தியோகத்தராக இந்த மாவட்டத்துத் தோட்டங்களில் நான் அலைந்த காலம் முழுக்க, அடிபட்ட நாயைத் தூக்கப் போய்க் கடி வாங்கினவர்களைப் பார்த்திருக்கிறேன். வளர்த்தவர் கை என்று வலியில் அதற்குத் தெரியாது. ஒரு தடித்த சாக்கையோ கம்பளியையோ மேலே போட்டுத்தான் தூக்க வேண்டும்.

பல் பட்டால் மஞ்சளும் வேண்டாம், கட்டும் வேண்டாம். பீலியில் கையைப் பிடித்து, சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். பிறகு ஆஸ்பத்திரி. விசர் நாய்க்கடியால் வருகிற விசர் நோய்க்கான (ரேபிஸ்) ஊசி அங்கே இலவசம். நாள் கடந்துவிட்டதே என்றும் நின்றுவிடாதீர்கள், பிந்தினாலும் போக வேண்டும். ஜிம்மியின் தடுப்பூசி அட்டை இருந்தால் கையோடு கொண்டுபோங்கள். உயிரோடு இருக்கிற நாயென்றால் கட்டிவைத்துக் கொஞ்ச நாள் கவனிக்கலாம், செத்த நாயிடம் அதற்கு வழியில்லை. அதனால் ஊசி வேண்டுமா வேண்டாமா என்பதை டாக்டர்தான் தீர்மானிக்க வேண்டும், நாமல்ல. புதைப்பதற்கு முன்னால் கேட்டால், சோதிப்பதற்காகத் தலையைக் கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்துக்கு அனுப்பச் சொன்னாலும் சொல்வார். கேட்கவே நெஞ்சு பதறும். ஆனால் அந்த நோய் வெளியே தெரிந்த பிறகு ஆளைக் காப்பாற்றுவது நடக்காத காரியம்.

இனி, நீங்கள் கேட்ட கேள்வி. போங்கள். கட்டாயம் போங்கள். வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டப்படி, விபத்து நடந்தால் சாரதி வாகனத்தை நிறுத்தியே ஆக வேண்டும். ஜிம்மி சட்டத்தின் கண்ணில் உங்கள் உடைமை. இஸ்தோப்பில் படுத்துக் கிடந்தாலும் அதற்குச் சொந்தக்காரர் உண்டு. கடைக்கார அண்ணனைச் சாட்சிக்கு வரச் சொல்லுங்கள். அந்த நாலு இலக்கம், வேனின் நிறம், நேரம், போன திசை எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பம்பர் துண்டைக் கழுவாமல் உறையில் போட்டுக் கொண்டுபோங்கள். ரோட்டோரக் கடைகளில் கமரா இருந்தால் இன்றைக்கே கேளுங்கள், பழைய படம் தானாக அழிந்துபோகும். முறைப்பாட்டைத் தமிழில் கொடுக்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. 1987இன் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழி. உங்களுக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதினதற்குக் கையெழுத்து வைக்காதீர்கள். முறைப்பாட்டு இலக்கத்தை வாங்காமல் திரும்பாதீர்கள்.

நட்டஈடு பெரிதாகக் கிடைக்குமென்று நான் சொல்ல மாட்டேன். நாய் குறுக்கே பாய்ந்தது என்று சாரதி சொல்வார். மிருகவதைத் தடுப்புக்கு நமக்கிருப்பது 1907ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம், அன்றைக்கு அதில் வைத்த தண்டம் 100 ரூபாய். 2006இல் சட்ட ஆணைக்குழு புதிதாக ஒரு வரைவு தயாரித்தது. அது பட்ட இழுபறியை நினைத்தால் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. ஆனாலும் எழுதிக் கொடுங்கள். மூடுபனியில் லைட் இல்லாமல் வருகிற அதே வேன், பள்ளிக்கூடம் விடுகிற நேரத்திலும் அந்த வளைவில்தான் திரும்புகிறது. நாளைக்கு ரோட்டுக்கு வேகத்தடை கேட்டு மனுக் கொடுக்கும்போது காட்டுவதற்கு அந்த என்ட்ரி இருக்கும்.

மகனிடம் உண்மையைச் சொல்லுங்கள். காட்டுக்கு ஓடியது என்றால் திரும்பி வரும் என்றுதானே அர்த்தம்? அதனால்தான் கூப்பிடுகிறான். "வேன் அடித்து ஜிம்மி செத்துப்போச்சு, இனி வராது" என்று நீங்களே, அவன் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள். தூங்கிவிட்டது என்றும் சொல்லாதீர்கள், பிள்ளை படுக்கப் பயப்படுவான். அழட்டும். நீங்களும் அவனோடு சேர்ந்து அழுதால் ஒன்றும் கெட்டுப்போகாது. புதைத்த இடத்தைக் காட்டுங்கள். ஒரு பூ வைக்க ஆசைப்பட்டால் வைக்கட்டும்.

குட்டியை இப்போது கொண்டுவராதீர்கள். ஜிம்மியின் இடத்துக்கு இன்னொன்றை வைத்தால் அவன் அதை விரட்டவும் கூடும். அவனாகக் கேட்கட்டும். கேட்கும்போது பெட்டைக் குட்டி வேண்டாமென்று ஒதுக்காமல், கருத்தடை செய்வது பற்றி அரச மிருக வைத்திய அலுவலகத்தில் விசாரியுங்கள். ரோட்டுப் பக்கம் இருப்பதால், மூடுபனி இறங்கினதும் கட்டிப் போட ஒரு நீளச் சங்கிலியும் வாங்கி வையுங்கள்.